மணவாளன் எழுதாத நோட்டு

தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத மணவாளன் ஒன்பது வருஷமாக நோட்டு எழுதியிருக்கிறான் என்ற சேதியை மலர்க்கொடிதான் கொண்டுவந்தாள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலை ஏலம் முடிந்திருந்தது. தைலம்மாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, ஒங்க வூட்டுக்காரு பேரு பொஸ்தகத்துல வந்துருக்காமே. ஆண்டி கடையில ஒரே சத்தம். எல்லாருக்கும் டீ சொல்லிக்கினு இருக்காரு."

"அவன் எவனுக்குடி டீ வாங்கித் தந்துருக்கான்? எவன் தலையிலயாவது கட்டுவான்."

"இல்லக்கா, ஆண்டி படிச்சே காட்டுனாரு. கெணத்துத் தண்ணியப் பத்தி மணவாளன் எழுதி வச்சிருக்காருன்னு அடிச்சிருக்குதாம்."

தைலம்மாள் கையிலிருந்த கட்டை அப்படியே நின்றது. கிணற்றுத் தண்ணீரைப் பற்றி அந்தக் குப்பத்தில் எழுதிவைத்தவள் ஒருத்திதான். அது அவள்.

சுனாமிக்குப் பிறகு தகரக் கொட்டகையில் இருந்தபோது, முப்பத்தொன்பது வயதில்தான் அவளுக்கு எழுத்து வந்தது. ஆசைப்பட்டுப் படிக்கவில்லை. ஆத்திரத்தில் படித்தாள். நிவாரணப் படகுக்கான தாளில் இடது கைப் பெருவிரலை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினாள். படகு மணவாளன் பேரில் வந்தது. அவன் அதை விற்றுவிட்டு மேல்பட்டாம்பாக்கத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் போய்விட்டான். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இனி ஒரு தாளைத் தொடுவதில்லை என்று சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தாள். சொல்லிக்கொடுத்த டீச்சர் ஊரைவிட்டுப் போகும்போது, தினம் ஒரு வரியாவது எழுதாவிட்டால் எழுத்து மறந்துபோகும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதை எழுதுவது? விடிந்ததும் அவள் செய்கிற முதல் காரியம் பொதுக்கிணற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்துப் பார்ப்பது. சில வருஷம் கையில் கிடைத்த தாளில் எல்லாம் கிறுக்கினாள். பிறகு நோட்டு வாங்கினாள். 'செவ்வாய். லேசாக் கரிப்பு.' 'அமாவாசை. வாயில வைக்க முடியல.' 'மழை. நல்ல தண்ணி.' இப்படி ஆறு நோட்டு. எழுத்து மறக்காமல் இருப்பதற்காக எழுதியது, கடல் எந்த மாதம் எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்பதற்குச் சாட்சியாகும் என்று அவள் நினைக்கவே இல்லை. சிதம்பரத்திலிருந்து ஆராய்ச்சி செய்ய வந்த மோகனப்பிரியாதான் அப்படிச் சொன்னாள்.

தைலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஆண்டி கடைக்கு நடந்தாள். தபால்காரர் குப்பத்துக்குள் வரமாட்டார். ஊர்த் தபால் முழுக்க அந்த டீக்கடையில்தான் இறங்கும். மோகனப்பிரியா அனுப்பிய பழுப்பு உறை முந்தின நாளே வந்திருந்தது. அதன்மேல் 'தைலம்மாள்' என்று எழுதியிருந்தது. ஆனாலும் கிழித்திருந்தார்கள். உள்ளே இருந்த தாள்களின் மேல் டீ டம்ளர் வட்டம் விழுந்திருந்தது. சேதி கேட்டு மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்திருந்த மணவாளன் சலவைச் சட்டை போட்டு பெஞ்சில் கால்மேல் கால் போட்டிருந்தான்.

"பாத்தியா தைலம், நம்ம பேரு எங்கயோ போயிருச்சி."

"நீ இன்னா எழுதுன?"

"எழுதாமயா போடுவாங்க? படிச்சவுங்க பொய்யா எழுதுவாங்க?"

"கைநாட்டு வைக்க மட்டும் மை கேக்குற ஆளு நீ."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மணவாளன் சிரிக்கவில்லை. "பொறாமடி ஒனக்கு. ரெண்டெழுத்து தெரிஞ்சா நீ கலெக்டரா?" என்றான்.

அவள் தாள்களைப் பிடுங்கி, விரலை வைத்து, உதடு அசையப் படித்தாள். 'கிணற்று நீர் உப்பாவதை மணவாளன் (2014–2023) நாள்தோறும் பதிவுசெய்துள்ளார்.' அடுத்த பக்கத்திலும் மணவாளன். அதற்கடுத்த பக்கத்திலும். தைலம்மாள் என்ற பெயர் உறையின்மேல் மட்டும்தான் இருந்தது.

சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. மடியில் பை. பையில் கிழிந்த உறை, முதல் நோட்டு. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் மோகனப்பிரியாவின் மேல் இருந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் உலர்த்திப் பார்த்துவிட்டாள். முதல் நாளே எதற்குக் குழைந்து குழைந்து பேசினாள்? நோட்டுகளை வாங்கிப் போய்ப் படம் பிடித்தவள், திருப்பித் தரும்போது ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் அட்டை போட்டுத் தந்தாளே, காரணமில்லாமல் ஒருத்தி இவ்வளவு நல்லவளாக இருப்பாளா? குளிருக்குச் சால்வை வாங்கி வந்தாளே? அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போய் அவனைப் பார்த்திருக்கிறாள். அவன் ஏதோ சொல்லியிருக்கிறான். படகு போன வழியிலேயே நோட்டும் போகிறது.

மலர்க்கொடியின் மேலும் சந்தேகம் வந்தது. மோகனப்பிரியாவை முதலில் கூட்டிவந்தவளே அவள்தானே. சேதி சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்ததோ? புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது, இருந்தது என்று முடிவே செய்துவிட்டாள்.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் மோகனப்பிரியா வாடகைக்கு இருந்தாள். பண்ருட்டிப் பெண். கதவைத் திறந்தவள் முகம் மலர்ந்து, "அக்கா, வாங்க வாங்க. சொல்லியிருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துருப்பேனே" என்றாள்.

"எதுக்கு மேடம் ஒங்களுக்குச் சிரமம்."

எப்போதும் பாப்பா என்று கூப்பிடுகிறவள் மேடம் என்றதும் மோகனப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தைலம்மாள் உட்காரவில்லை. மோகனப்பிரியா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிய தைலம்மாள் பழக்கத்தில் ஒரு வாய் நாக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாள். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. மிச்சத்தைக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு, தாளை அதன் பக்கத்தில் போட்டாள்.

"மணவாளன எப்பப் பாத்த?"

"எந்த மணவாளன்?"

"நடிக்காத."

மோகனப்பிரியா தாளை எடுத்துப் படித்தாள். முதல் வரியிலேயே அவள் முகம் மாறியது. அதைத் தைலம்மாள் கவனித்துக்கொண்டாள். அகப்பட்டுக்கொண்டவர்களின் முகம் அப்படித்தான் மாறும்.

"அக்கா, சத்தியமா இத நான் எழுதல."

"நீ எழுதல. அவனும் எழுதல. தாளு தானா எழுதிக்கிச்சா?"

மோகனப்பிரியா மடிக்கணினியைத் திறந்தாள். "இந்த அத்தியாயம் இதான். நீங்களே பாருங்க. நான் இதுல மணவாளன்னு தேடறேன்." தேடினாள். அப்படி ஒரு சொல் இல்லை என்று திரை சொன்னது. ஒரு இடத்தில்கூட இல்லை.

இல்லாதது நல்ல செய்தி என்று மோகனப்பிரியா நினைத்தாள். தைலம்மாளுக்கு அதுவே பெரிய சந்தேகமாகிவிட்டது. "என் கையில இருக்குற தாளுல இருக்கு, ஒன் பொட்டியில இல்ல. அப்ப எனக்குக் காட்ட ஒண்ணு, ஊருக்குக் காட்ட ஒண்ணு. அப்பிடித்தானே?"

"ஐயோ, இல்லக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

"தொறந்து காட்டு."

மோகனப்பிரியா திரையை அவள் பக்கம் திருப்பினாள். தைலம்மாள் குனிந்தாள். புத்தகம் போல அலங்காரம் ஒன்றும் இல்லை, வெறும் எழுத்து. தலைப்புக்கு முன்னால் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு. அதுதான் தலைப்பு என்பதற்கு அடையாளமாம். நடுநடுவே சதுர அடைப்புக்குறி, அதற்குள் சுருண்ட மரவட்டை மாதிரி ஒரு குறி, அதையொட்டி ஒரு சொல். எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். 'தைலம்நோட்டு.'

"இது என் பேரு."

"ஆமாக்கா. வேர்டுல அடிச்சா அடிக்குறிப்பு எல்லாம் எடம் மாறிப் போவுது. அதான் இப்பிடி வெறும் எழுத்தா அடிக்கறேன். யார் சொன்னத எடுத்து எழுதறேனோ, அந்த எடத்துல இந்த அடையாளத்த மட்டும் வச்சிடுவேன். அவங்களப் பத்தின வெவரம் தனியா ஒரு லிஸ்ட்டுல இருக்கும். அச்சுக்கு எடுக்கும்போது மெஷின் லிஸ்ட்டப் பாத்து, பேரையும் வருஷத்தையும் அந்தந்த எடத்துல போட்டுக்கும்."

"மெஷின் மேல பழியப் போடற."

"பழி என் மேலதான்க்கா. சொல்றேன் கேளுங்க. எங்க ப்ரொபசர் மூணு தடவ மனச மாத்துனாரு. மொதல்ல பேரு வேணாம், நம்பர் போடுன்னாரு. அப்பறம் எல்லாத்தையும் அடிக்குறிப்பா போடுன்னாரு. போன மாசம் பேரும் வருஷமும் போடுன்னாரு. இதுல என்னா சௌகரியம்னா, ஒவ்வொண்ணா மாத்த வேணாம். எந்த ஸ்டைலுன்னு மேல ஒரு வரி இருக்கு. அத மாத்துனா முந்நூறு பக்கமும் மாறிடும். மாத்துனேன், அச்செடுத்தேன், ஒங்களுக்கு அனுப்பிட்டேன்."

"படிக்காம?"

"ஆமாக்கா, படிக்காமதான்."

அதற்குள் தைலம்மாள் அவள் பேச்சில் வேறு ஒரு இடத்தில் நின்றுவிட்டிருந்தாள். "ஒரு வரிய மாத்துனா முந்நூறு பக்கமும் மாறுமா?"

"மாறும்."

"அப்ப எவன் வேணாலும் ஒரு வரியில என்னைய எடுத்துட்டு அவன உள்ள வச்சிடலாம்." அவள் குரல் தாழ்ந்தது. "படகுலயும் இப்பிடித்தான். ஒரே ஒரு எடத்துலதான் வெரல வச்சேன்."

மோகனப்பிரியா அந்த லிஸ்ட்டைத் திறந்தாள். 'தைலம்நோட்டு' என்ற அடையாளத்துக்குக் கீழே, ஆசிரியர் என்ற வரியில் 'தைலம்மாள் மணவாளன்' என்று இருந்தது. "இதாங்கா விஷயம். இந்த மெஷினச் செஞ்சவங்க ஊர்ல கடைசியா வர்றதுதான் குடும்பப் பேரு. அதத்தான் முன்னால வச்சி ஆள அழைப்பாங்க. அதுக்கு நம்ம வழக்கம் தெரியாது. ஒங்க பேருல கடைசியா மணவாளன்னு இருந்துதா, மணவாளன்தான் எழுதுனாருன்னு எடுத்துக்கிச்சு. நம்பர் போட்ட வரைக்கும் இது வெளிய தெரியல."

"நீ ஏன் அவன் பேர எழுதுன?"

"நீங்க எழுதுனததான் அப்பிடியே அடிச்சேன்." மோகனப்பிரியா அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து ஒரு தாளை நீட்டினாள். 'எனது குறிப்பேடுகளை ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன்' என்று அச்சடித்த படிவம். அடியில் நீல மையில் பெயர்.

கள்ளக் கையெழுத்து என்று சொல்லத்தான் தைலம்மாள் வாயைத் திறந்தாள். ஆனால் பெயருக்குப் பின்னால் அழுத்தமாக ஒரு புள்ளி இருந்தது. எழுதி முடித்த நிம்மதியில் அவள் வைக்கிற புள்ளி. அவள் நோட்டில் ஒவ்வொரு நாளுக்கும் அந்தப் புள்ளி உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிற மாதிரி, பேங்க் புத்தகத்தில் இருக்கிற மாதிரி, பெருமையோடு முழுப் பெயரையும் அவளே எழுதிக் கொடுத்திருந்தாள். ஓடிப்போனவன் பெயரையும் சேர்த்து.

இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் மேலும் கோபப்பட முடியாமல் இருப்பது, ஐஸ் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நிற்பதைவிடக் கனமாக இருந்தது.

"எனக்கும் ஆயிருக்கு அக்கா" என்றாள் மோகனப்பிரியா. "மொத கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில வந்ததுலேர்ந்து எல்லாரும் ஞானசேகரன்னுதான் போடுறாங்க. அது எங்கப்பா பேரு. அவரு மெக்கானிக்கு."

"நீ இன்னா பண்ண?"

"உட்டுட்டேன்."

"நல்லா உட்ட போ." தைலம்மாள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இந்தப் பொஸ்தகம் எப்பக் குடுக்கணும்?"

"திங்கக்கெழம. இன்னிக்குப் பைண்டிங்குக்குப் போவணும்."

"பைண்டிங் போட்டா?"

"அப்பறம் மாத்த முடியாது. லைப்ரரியில அப்பிடியே இருக்கும். ஒங்க நோட்ட எடுத்து எழுதறவங்க எல்லாரும் அதப் பாத்து அப்பிடியேதான் எழுதுவாங்க."

"இப்ப மாத்து. என் கண்ணு முன்னால."

மோகனப்பிரியா 'மணவாளன்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். தைலம்மாள் ஒவ்வொன்றும் போவதைப் பார்த்தாள். மிச்சமிருந்த 'தைலம்மாள்' என்ற பெயருக்கு ஏற்கெனவே இரண்டு பக்கமும் வளைந்த அடைப்புக்குறி இருந்தது. மோகனப்பிரியா அதற்குள் இன்னொரு ஜோடி போட்டாள்.

"இது இன்னாத்துக்கு, எறா மாதிரி வளைஞ்சிக்கினு?"

"உள்ள இருக்கற பேரப் பிரிக்காத, பெரட்டாத, அப்பிடியே வைன்னு அர்த்தம்."

"ரெண்டு போதுமா? மூணாப் போடு."

"ரெண்டுக்கே அடங்கிடும்க்கா."

"அடங்காது. நீ போடு."

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு கட்டளை அடித்தாள். கண்ணிமைக்கும் நேரத்தில் புதுப் பக்கங்கள் வந்தன. 'தைலம்மாள் (2014–2023) நாள்தோறும் பதிவுசெய்துள்ளார்.' கடைசியில் இருந்த பட்டியலில் மகர வரிசையில் கிடந்தவள் தகர வரிசைக்கு ஏறியிருந்தாள்.

தைலம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. வந்த வேகத்தில் போய்விடாதா? "தாளுல எடுத்துக் குடு. திரையில தெரியறதெல்லாம் வேணாம்."

மாடிக்குக் கீழே இருந்த ஜெராக்ஸ் கடையில் அந்த அத்தியாயத்தையும் பட்டியலையும் அச்செடுத்தார்கள். கடைப் பலகையில் உட்கார்ந்து தைலம்மாள் விரல் வைத்துப் படித்தாள். ஒவ்வொரு இடத்திலும் தன் பெயர் வந்ததும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். இருபத்து மூன்று புள்ளி. கடைக்காரர், "யம்மா, வழிய உட்டு ஒக்காரக் கூடாதா?" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

பதினாறாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

"பாப்பா. சிற்றம்பலத்த எப்பப் பாத்த?"

பாப்பா என்று மறுபடி வந்துவிட்டது என்பதை மோகனப்பிரியாதான் கவனித்தாள். "யாருக்கா?"

"'மகள் கல்யாணம் பேச வந்த சம்பந்தி, தண்ணியக் குடிச்சிப் பாத்துட்டு, இந்த ஊர்ல பொண்ணு எடுக்க மாட்டேன்னு எழுந்து போனாரு. சிற்றம்பலம், நேர்காணல், 2022.' இது மலர்க்கொடி சொன்னது. பக்கத்துல நானும் இருந்தேன். அவ புருஷன் சிற்றம்பலத்த சுனாமி தூக்கிக்கினு போயி அப்பவே பதினெட்டு வருஷம். செத்தவன் எப்பிடிப் பேட்டி குடுத்தான்?"

மோகனப்பிரியா தலையில் கைவைத்துக்கொண்டாள். லிஸ்ட்டில் தைலம்மாளோடு சேர்த்துக் குப்பத்துப் பெண்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் படிவத்தில் புருஷன் பெயரோடுதான் பெயர் கொடுத்திருந்தார்கள். தைலம்மாளை மாற்றிய பிறகும் அச்சில் இன்னும் பத்து ஆம்பிளைகள் கிணற்றைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன்கூட ஒரு வாளி இறைத்தவனில்லை.

"எல்லாத்துலயும் புருஷன் பேர எடுத்துடறேன்" என்று மோகனப்பிரியா எழுந்தாள்.

"இரு. கேக்காம எடுக்காத. கேக்காம போட்டதுலதான் இவ்ளோ வந்துச்சு." தைலம்மாள் போனை எடுத்தாள். "ஏ மலரு, நீ சொன்ன தண்ணிக் கதையெல்லாம் ஒன் புருஷன் சொன்னதா அடிச்சிருக்குடி. மாத்தச் சொல்லட்டா?"

மறுமுனையில் துறைமுகச் சத்தம் இரைந்தது. அதற்கு நடுவே மலர்க்கொடி, "அவுரு பேரு அச்சுல வந்துருக்காக்கா?" என்றாள்.

"வந்துருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும்க்கா. அவுருக்குன்னு எங்க என்னா இருக்கு. ஒடம்பே கெடைக்கல."

பஸ்ஸில் இவளைத்தான் சந்தேகப்பட்டோம் என்பது தைலம்மாளுக்கு நினைவுக்கு வந்து, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. "பைத்தியக்காரி, சொன்னவ நீ. ஒன் வாயி எங்க போவும்?"

"என்னாக்கா பண்றது?"

தைலம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே மோகனப்பிரியாவைப் பார்த்தாள். "அந்த எறாவுக்குள்ள ரெண்டு பேரு அடங்குமா? மலர்க்கொடி முன்னால. அவரு பின்னால. பிரிக்காம."

"அடங்கும்க்கா."

"மலரு, ரெண்டு பேரும் இருப்பீங்க. ஒம் பேருதான் மொதல்ல. வையி போன."

மற்ற ஒன்பது பேருக்கும் போன் போட்டார்கள். சிலர் தன் பெயர் போதும் என்றார்கள். ஒருத்தி, பிறந்த வீட்டுப் பெயரைப் போடலாமா என்று கேட்டாள். பொன்னி மட்டும் இரண்டும் வேண்டாம், பெயரே போடாதே, வம்பு வரும் என்றாள். மோகனப்பிரியா ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வரியாக மாற்றினாள். தைலம்மாள் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, "ம், அடுத்தது" என்றாள். அவள் பார்க்காமல் ஒரு வரிகூடத் தாண்டவில்லை.

முந்நூறு பக்கமும் பைண்டிங் கடைக்குப் போனபோது வெயில் சாய்ந்திருந்தது. கடைக்காரர் தாள்கட்டை வாங்கி எடைபோடுவது போலத் தூக்கிப் பார்த்தார்.

"ஒங்களுக்கு ஒரு காப்பி தனியா போடச் சொல்லியிருக்கேன்க்கா" என்றாள் மோகனப்பிரியா. "வெள்ளிக்கெழம தபால்ல அனுப்பறேன்."

"அனுப்பாத. ஆண்டி கடையிலதான் எறங்கும். நானே வரேன்."

"எதுக்கு அலைச்சல்?"

"இங்கயே ஒக்காந்து மொத பக்கத்துலேர்ந்து படிச்சிப் பாத்துட்டுதான் எடுத்துக்கினு போவேன். இன்னிக்கு ராத்திரி ஒங்க ப்ரொபசரு மறுபடியும் மனச மாத்துனா?"

மோகனப்பிரியா இந்த முறை அடக்காமல் சிரித்துவிட்டாள். தைலம்மாள் சிரிக்கவில்லை. அவள் கேலியாகக் கேட்கவில்லை. பைண்டிங் கடைப் பலகையில் எழுதியிருந்த நேரத்தை எழுத்துக்கூட்டிப் படித்து மனசில் வைத்துக்கொண்டாள். நாலடி நடந்தவள் திரும்பினாள்.

"ஏ பாப்பா, ஒன் கட்டுரைக்கும் அந்த எறாவப் போட்டு வையி. உட்டுட்டேன்னு சொன்னியே, அது எனக்கு நல்லா இல்ல."

கடலூர் பஸ்ஸில் கூட்டம். நின்றுகொண்டே வந்தாள். ஒரு கை மேல்கம்பியில், ஒரு கை பையில். புதுச்சத்திரம் வருவதற்குள் இரண்டு தடவை பைக்குள் கைவிட்டு, புள்ளி வைத்த தாள் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.